கை கழுவப் போன இடம்

என் மாமா பல் வைத்தியம் செய்துகொள்ளத்தான் பட்டணத்துக்கு வந்திருக்கிறார் என்பதை எங்கள் வீட்டில் நம்பியவள் நான் ஒருத்திதான். அதுவும் மறுநாள் காலைவரைக்கும்தான். காலையில் அவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கத்துப் பல் வலிக்கிறது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, முறுக்கு இருந்த பக்கத்துக் கன்னத்தையே தொட்டுக் காட்டினார்.

அவர் அம்மாவின் அண்ணா. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். அதிகம் பேசாதவர். மாமி எங்கே என்று கேட்டால் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: உடம்பு சரியில்லை, பிறந்தகம் போயிருக்கிறாள். மாமியின் முகம் எனக்கு நினைவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னைத் தூக்கி வைத்திருந்தாளாம்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். பானகல் பார்க்கில் வைத்த மரங்கள் இன்னும் ஆள் உயரத்தைத் தாண்டாத காலம். அப்பா கடற்கரைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அவருக்கு ஓட்டல்கள் என்றாலே சந்தேகம். நெய்யில் எதைக் கலக்கிறார்களோ, முந்தின நாள் மிஞ்சிய சட்னியை எதில் கரைக்கிறார்களோ என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் சம்பள நாளன்று வீடு திரும்பும்போது அவர் மேல்துண்டில் ரவா கேசரியின் ஏலக்காய் மணக்கும். அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில்தான் மாமா ஒரு சனிக்கிழமை சாயங்காலம், "குழந்தையைக் கொஞ்சம் காபி கிளப்புக்கு அழைச்சுண்டு போயிட்டு வரேன்" என்றார்.

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "பல் டாக்டர் காபி கிளப்பிலேயா உக்காந்திருக்கார்?" என்று கேட்டார். அம்மா எனக்குத் தலை வாரிப் பின்னி, வெளியில் போகும் பாவாடையைக் கட்டிவிட்டாள். பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிப் போட்டுவிட்டாள் என்பது வாசற்படி தாண்டிய பிறகுதான் உறைத்தது.

முதலில் போனது குளத்தங்கரைப் பக்கத்து ஓட்டல். பளிங்குப் பலகை போட்ட மேஜைகள், இரும்பு நாற்காலிகள். நடுவில் ஒரு மரத்தடுப்பு. இந்தப் பக்கம் பிராமணர்களுக்கு, அந்தப் பக்கம் மற்றவர்களுக்கு. சாம்பார் மட்டும் ஒரே அண்டாவிலிருந்து இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. மாமா எனக்கு ஒரு நெய் தோசையும் தனக்கு ஒரு காபியும் சொன்னார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவிண்டு வா. அங்கே யார் யார் இருக்கான்னு நன்னாப் பாத்துண்டு வரணும். பொம்மனாட்டிகள் யாராவது மாவரைச்சுண்டிருந்தா, அவா கையைப் பாரு. தீப்பட்ட வடு இருக்கான்னு பாரு."

நான் போய்ப் பார்த்தேன். புகை, ஈரத் தரை, ஆட்டுக்கல், அதன் முன்னால் தலையில் முக்காடிட்ட ஒரு வயதான அம்மாள். அவள் கையில் வடு எதுவும் இல்லை. வந்து சொன்னேன். மாமா சரி என்றார். காபியை ஆற்றி ஆற்றி அது தண்ணீராய்ப் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, குடிக்காமலே எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் லஸ் முனையில் ஓர் ஓட்டல். அதற்கடுத்த வாரம் ராயப்பேட்டையில் ஒன்று. எங்கே போனாலும் எனக்கு ஏதாவது பலகாரம், அவருக்குக் குடிக்காத ஒரு காபி, கொல்லைப்புறத்துக்கு நான். ஒருமுறை மவுண்ட் ரோடு வழியாக வரும்போது வெள்ளைக்காரர்கள் தேநீர் குடிக்கும் கடை ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ரோஜாப்பூ வைத்த கேக்குகள், தொப்பி அணிந்த துரைசானிகள். அங்கேயும் போய்க் கை கழுவலாமே என்றேன். "அங்கெல்லாம் முட்டை போடுவா" என்று மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்தக் கடையின் கொல்லைப்புறத்தின் மேல்தான் முதல் சந்தேகம் விழுந்தது. வடு உள்ள பெண்பிள்ளை ஒளிந்துகொள்வதாக இருந்தால் அங்கேதானே ஒளிவாள்?

ஏனென்றால் மாமா யார் என்பதை நான் அதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டில் என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அண்ணா கதர் கட்டுகிறவன். சி.ஐ.டி.க்காரர்கள் ஓட்டல்களில் ஒரு காபியைச் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பார்கள் என்று அவன் சொல்லியிருந்தானாம். என் மாமாவும் அதைத்தானே செய்கிறார்! தீப்பட்ட வடு ஒரு திருடியின் அடையாளமாக இருக்க வேண்டும். கொலைகாரியாகக்கூட இருக்கலாம். பல் வலி, கிராமம் எல்லாம் வேஷம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சி.ஐ.டி.க்கு உதவி செய்கிறவள் வாயைத் திறக்கலாமா?

அப்பாவின் சந்தேகம் வேறு. "கிண்டியிலே குதிரை ஓடற சமயம். சனிக்கிழமை தோறும் மனுஷன் கிளம்பிடறார். குழந்தை ஒரு சாக்கு" என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஓட்டல்காரர்களுக்கோ இன்னொரு சந்தேகம். லஸ் ஓட்டலுக்கு நாங்கள் இரண்டாம் முறை போனபோது முதலாளியே மேஜைக்கு வந்து, ஈரத் துணியால் தானே துடைத்துவிட்டு, "சாருக்குக் கார்ப்பரேஷன்லியா உத்தியோகம்?" என்று பணிவாகக் கேட்டார். மாமா இல்லை என்றார். அவர் நம்பவில்லை. அன்று என் தோசைமேல் வெண்ணெய் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. கொல்லைப்புறத்தில் எனக்கு முன்னால் ஓர் ஆள் ஓடி ஓடிச் சாக்கடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

எங்களை வழக்கமாக ஏற்றிக்கொள்ளும் ஜட்காக்காரரும் சும்மா இருக்கவில்லை.

"இன்னா சாமி, வாராவாரம் பாப்பாவ இட்டுக்கினு ஓட்டல் ஓட்டலா சுத்திக்கினு கீற? வூட்ல சோறு ஆக்கறது இல்லியா?"

"நீ குதிரையைப் பாருப்பா" என்றார் மாமா.

"குதிரயத்தான் பாத்துக்கினு கீறேன். எனுக்கு இன்னா வந்துது? நீ எதையோ தொலச்சிட்டு தேடற மேரி கீது, அதான் கேட்டேன்."

மாமா பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆனால் எனக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சந்தேகத்தைக் கிளப்பியவள் அம்மாதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் திரும்பி வந்தவுடன் பின்னலை அவிழ்க்கிற சாக்கில் என்னைக் கொல்லை நடைக்கு அழைத்துக்கொண்டு போவாள். எந்த ஓட்டல், எந்தத் தெரு, மாமா யாரோடாவது பேசினாரா, அடுத்த வாரம் எங்கே போவதாகச் சொன்னார்? இத்தனையும் கேட்பவள், என்ன சாப்பிட்டாய் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. சொந்தக் குழந்தை ஓட்டலில் என்ன தின்றது என்று தெரிந்துகொள்ள விரும்பாத அம்மா மயிலாப்பூரில் வேறு யாராவது இருப்பார்களா?

"அடுத்த வாரம் மாம்பலம் பக்கம் போகலாம்னார். பார்க்குக்கிட்டே புதுசா ஓட்டல் வந்திருக்காம்" என்று நான் சொன்ன அன்று, அம்மாவின் கை என் தலையிலேயே நின்றுவிட்டது. பாதி அவிழ்த்த பின்னலை மறுபடியும் பின்ன ஆரம்பித்தாள்.

அந்தச் சனிக்கிழமை மாமாவும் நானும் கிளம்பும்போது அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வரேன் அண்ணா."

மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எங்கே?"

"நீங்க போற எடத்துக்குத்தான். எல்லாரும் ஓட்டல் ஓட்டல்ங்கறேள். நானும் ஒருநாள் பாக்கிறேனே."

எனக்குத் தெரிந்தவரை அவள் எந்த ஓட்டலிலும் கால் வைத்தவள் இல்லை. ரயில் பயணத்தில்கூட வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன தயிர்சாதம்தான். அப்பா வீட்டில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. மூவரும் ஜட்காவில் ஏறினோம். தேனாம்பேட்டைத் தோட்டங்களைத் தாண்டிப் போகும்போது அண்ணாவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி என்னைத்தான் பார்த்தார்கள். யார் பக்கம் இருப்பது என்று தெரியாமல் நான் குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

புது ஓட்டலில் பெண்களுக்கென்று திரை போட்டு மறைத்த ஒரு சின்ன அறை இருந்தது. மாமா வெளிக்கூடத்தில் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் திரைக்குப் பின்னால். தோசை வருவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"வா, கை கழுவிண்டு வரலாம்."

"நான் மட்டும் போறேன் அம்மா. அதுதான் வழக்கம்" என்றேன். என் உத்தியோகத்தில் அவள் தலையிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொல்லைப்பக்கம் எது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போனாள்.

அங்கே ஆட்டுக்கல்லின் முன்னால் ஒருத்தி உட்கார்ந்து உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். நிமிர்ந்து பார்த்ததும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் கபாலி கோயிலுக்குப் போனால் அம்மா என்னைப் பிராகாரத்தில் விளையாட விட்டுவிட்டுத் தூணோரம் ஒரு மாமியோடு பேசிக்கொண்டிருப்பாள். அதே மாமிதான்.

"கோயில் மாமி!" என்றேன்.

கோயிலில் எப்போதும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பாள். இங்கே தலைப்பைச் செருகியிருந்தாள். இடது முழங்கைக்குக் கீழே, கரண்டியின் வட்டம் அப்படியே பதிந்த மாதிரி ஒரு வடு. இத்தனை நாள் தேடிய திருடி, எனக்குக் கல்கண்டு கொடுத்த கோயில் மாமியா?

அம்மா தாழ்ந்த குரலில் படபடவென்று பேசினாள். "மன்னி, அண்ணா வாசல்லே உக்காந்திருக்கார். பின்பக்கமாப் போயிடுங்கோ. நான் எப்படியாவது அழைச்சுண்டு போயிடறேன். இந்த ஓட்டலையும் பாத்தாச்சுன்னா ஊருக்குக் கிளம்பிடுவார்."

அந்த மாமி குழவியைச் சுற்றுவதை நிறுத்தினாள். மாவுக்கையைக் கல்லின் விளிம்பில் வழித்தாள்.

"எங்கே போறது? இன்னிக்கு இங்கே, நாளைக்கு அடையாறு, அப்புறம் திருவான்மியூரா? எனக்கு ஓடத் தெம்பில்லை." பிறகு என்னைப் பார்த்தாள். "போய் உன் மாமாவை அழைச்சுண்டு வாடி கண்ணு."

"வேண்டாம் மன்னி."

"வரட்டும்."

நான் ஓடினேன். மாமாவிடம் போய், "கிடைச்சுட்டா மாமா, வடு இருக்கு" என்றேன். மாமா எழுந்த வேகத்தில் காபி சாய்ந்து மேஜையில் ஓடியது. ஆனால் கொல்லைக் கதவுவரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கைவிலங்கு எடுப்பார் என்று நான் அவர் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இளைச்சுட்டேள்" என்றாள் அந்த மாமி.

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து. மன்னி பட்டணத்துக்கு வந்து எறங்கினதே நம்மாத்துக்குத்தான், ஆத்துலே வேற யாரும் இல்லாத நேரத்திலே. நான்தான் இங்கே கொண்டுவந்து விட்டேன்."

"ஏதோ ஓட்டல்லே மாவரைக்கறாள்னு ஊர்லே கேள்விப்பட்டு நான் தெருத்தெருவா அலையறேன். பாத்துண்டிருந்தியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா ஒரு படி இறங்கி மாமியிடம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அம்மா போயிட்டா. ஆத்துலே இப்போ யாரும் இல்லை. நான் மட்டும்தான். உன்னை ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. கிளம்பு, போகலாம்."

"அம்மா போனது கேள்விப்பட்டேன். அன்னிக்கு உங்கம்மா கரண்டியைக் காய்ச்சி என் கையிலே வெச்சப்போ நீங்க எங்கே இருந்தேள்?"

மாமா ஆட்டுக்கல்லைப் பார்த்தார்.

"கூடத்திலே இருந்தேள். பாக்கு வெட்டிண்டிருந்தேள். எனக்குச் சத்தம் கேட்டுது. நான் அலறினப்போ வெட்டற சத்தம் நின்னுது. சரி, எழுந்து வரப்போறார்னு நெனச்சேன். கொஞ்ச நாழி கழிச்சு மறுபடியும் வெட்ட ஆரம்பிச்சேள்."

பாக்கு வெட்டியதற்காகவா ஒரு மனுஷர்மேல் இவ்வளவு கோபம் என்று எனக்குத் தோன்றியது. மாமாவைப் பார்த்தால் ஏதோ அடி வாங்கியவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

இதற்குள் ஓட்டல் முதலாளி துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். லஸ் ஓட்டல்காரரிடமிருந்து அவருக்கும் சேதி வந்திருக்க வேண்டும். "சார், அடுக்களைப் பக்கம் இப்படி வரப்படாது. கார்ப்பரேஷன்னா சொல்லிட்டு வரணும், நானே சுத்திக் காட்டுவேன்" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

"கார்ப்பரேஷன் இல்லை. எங்காத்துக்காரர். பாத்துட்டுப் போலாம்னு வந்திருக்கார்" என்றாள் மாமி.

முதலாளி எங்கள் நால்வரையும் ஒருமுறை பார்த்தார். அவருக்குச் சந்தேகம் தீர்ந்ததா, கூடியதா, சொல்ல முடியாது. "அப்போ காபி சாப்பிடட்டுமே" என்றார்.

"காபி வேண்டாம். இலையைப் போட்டு இட்லி வையுங்கோ. நான் அரைச்ச மாவு. சாப்பிட்டுட்டுப் போகட்டும்." சொல்லிவிட்டு மாமி ஆட்டுக்கல்லின் முன்னால் மறுபடியும் உட்கார்ந்தாள். குழவி சுற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான் பேச்சு.

மாமா வெளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இத்தனை ஓட்டல்களில் ஒரு வாய்கூடச் சாப்பிடாதவர், இலையில் வைத்த இட்லியைச் சட்னிகூடத் தொட்டுக்கொள்ளாமல் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். திரைக்குப் பின்னால் என் தோசை ஆறி வதங்கிக் கிடந்தது. அம்மா தன் பங்கைத் தொடவில்லை. அதையும் என் பக்கம் நகர்த்தினாள். நான் இரண்டையும் சாப்பிட்டேன்.

மாமா அதற்குப் பிறகு எந்த ஓட்டலுக்கும் என்னை அழைத்துப் போகவில்லை. பல்லைக் காட்டிக்கொள்ளாமலேயே ஊருக்குப் போனார். மாமி அந்த ஓட்டலில் நெடுநாள் இருந்தாள். பிற்பாடு திருவல்லிக்கேணியில் காலேஜ் பையன்களுக்காகத் தானே ஒரு சின்ன மெஸ் நடத்தினாள். மாமா வருஷத்துக்கு ஒருமுறை பட்டணம் வருவார். மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவார். அவள் அவருக்கு என்று தனியாக எதுவும் பரிமாறியதில்லை. வராதே என்று சொன்னதும் இல்லை. இதெல்லாம் நான் வளர்ந்து, பேச்சைக் கூட்டிக் கழித்து அறிந்துகொண்டவை. பாக்கு வெட்டிய விஷயமும் அப்போதுதான் புரிந்தது.

அன்றைக்கு எனக்குப் புரியாமல் போனது வேறொன்று. ஜட்காவில் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா தன் கூடப்பிறந்த அண்ணாவை ஏமாற்றியிருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. மாமா அவளைத் திட்டுவார், வண்டியிலிருந்து இறங்கிப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேல்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். தோள் குலுங்கியது. அம்மா என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிறு குழந்தையைக் கூட்டத்தில் பிடித்துக்கொள்வதுபோல விரல்களைக் கோத்து இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். மாமாவும் அதை உதறவில்லை.

இவள் யார் பக்கம்? மாமியை ஒளித்து வைத்தவள், மாமாவின் கையை ஏன் விடமாட்டேன் என்கிறாள்? கோத்த அந்த இரண்டு கைகளும் என் மடியில் கனத்தன. நான் நகரவும் வழியில்லை. மயிலாப்பூர் வரும்வரை அம்மாவின் முகத்தையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வந்தேன்.